ஈஸ்ட் அமினோ அமிலத்தில் எதை எடுக்கிறது, எதை வெளியே தள்ளுகிறது?

கம்பத்துத்திராட்சை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் பி.எஸ்சி. வேதியியல் படித்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. தப்பாகக் கேட்டால் திருத்துங்கள்.

கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போல வீட்டில் திராட்சை ஒயின் போட்டேன். இரண்டு பரணி. ஒவ்வொன்றிலும் பன்னீர் திராட்சை ஒரு கிலோ, சர்க்கரை ஒரு கிலோ, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் இரண்டு லிட்டர், கடையில் வாங்கிய உலர் ஈஸ்ட் அரை ஸ்பூன். இரண்டாவது பரணியில் மட்டும் மாமியார் சொன்னபடி ஒரு கைப்பிடி கோதுமை. நாலாம் நாள் வேடுகட்டிய துணியை அவிழ்த்தால், முதல் பரணியில் அழுகிய முட்டை வாடை. குமட்டிக்கொண்டு வந்தது. இரண்டாவதில் அந்த வாடை லேசாகத்தான் இருந்தது. ஆனால் கனிந்த வாழைப்பழமும் நெயில் பாலிஷும் கலந்த மாதிரி ஒரு நெடி.

தேடிப் பார்த்தேன். "ஈஸ்டுக்கு நைட்ரஜன் போதவில்லை" என்கிறார்கள். ஈஸ்ட் அமினோ அமிலத்தை உடைத்து நைட்ரஜன் எடுக்கும் என்றும் படித்தேன். எனக்கு இரண்டு சந்தேகம். அவ்வளவு சர்க்கரை இருக்கும்போது அமினோ அமிலத்தை எதற்கு உடைக்க வேண்டும்? உடைத்தால் மிச்சம் எங்கே போகிறது?

வோர்ட்வாசம் எழுதியது:

அக்கா, நான் ஒரு பீர் ஆலையின் ஆய்வகத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். ஒயின் என் துறை இல்லை, ஆனால் ஈஸ்ட் அதே சாக்கரோமைசஸ் செரிவிசியேதான்.

சர்க்கரையில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே உண்டு. ஒரு செல் இரண்டாக வேண்டும் என்றால் புரதமும் டிஎன்ஏவும் கட்டியாக வேண்டும், இரண்டுக்கும் நைட்ரஜன் இல்லாமல் நடக்காது. காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடிக்க ஈஸ்டால் முடியாது. வெறும் சோற்றைப் போட்டே பிள்ளை வளர்க்க முடியுமா, பருப்பும் வேண்டுமே.

உங்கள் பரணிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ திராட்சையில் சாறு 700 மில்லி என்று வையுங்கள். தண்ணீர் 2 லிட்டர். ஒரு கிலோ சர்க்கரை கரைந்தால் அதுவே 600 மில்லி இடம் பிடிக்கும். ஆக, பரணியில் சாறு ஐந்தில் ஒரு பங்குதான். ஈஸ்ட் எடுத்துக்கொள்ளக்கூடிய நைட்ரஜன் லிட்டருக்கு 140 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே ஒயின்காரர்கள் கவலைப்பட ஆரம்பிப்பார்கள். உங்கள் சாற்றில் 180 இருந்தது என்று தாராளமாக வைத்தாலும், பரணியில் அது 40-ஐத் தொடாது. சர்க்கரையோ லிட்டருக்கு 300 கிராமுக்கு மேல்.

முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடு. ஈஸ்ட் சல்பேட்டை உள்ளே எடுத்துச் சல்பைடாக மாற்றும். மெத்தியோனின், சிஸ்டீன் என்ற கந்தகம் உள்ள அமினோ அமிலங்களைச் செய்ய அது வேண்டும். அந்தச் சல்பைடைப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி தேவை. அந்தக் கைப்பிடியின் பெயர் ஓ-அசிட்டைல் ஹோமோசீரின். அதைச் செய்ய நைட்ரஜன் வேண்டும். நைட்ரஜன் இல்லாத செல்லில் சல்பைடு தயாராகிக்கொண்டே இருக்கும், பிடிக்க ஆள் இருக்காது, வெளியே கசியும். உங்கள் மூக்குக்கு வந்தது அதுதான்.

இரண்டாவது சந்தேகத்துக்குக் கரும்பலகை சார் வந்தால் நன்றாகச் சொல்வார்.

கரும்பலகை எழுதியது:

வந்துவிட்டேன். முப்பது வருடம் உயிர்வேதியியல் நடத்தியவன், இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

லியூசின் என்ற அமினோ அமிலத்தின் மூலக்கூறு ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போய்ப் பார்ப்போம். மொத்தம் ஆறு கார்பன், ஒரு நைட்ரஜன். செல்லுக்குள் வந்ததும் டிரான்ஸ்அமினேஸ் என்ற என்சைம் அதன் அமினோ தொகுதியைக் கழற்றி, பக்கத்தில் காத்திருக்கும் ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டின் மேல் மாட்டுகிறது. மாட்டியதும் அது குளூட்டமேட் ஆகிவிடுகிறது. ஈஸ்டுக்கு வேண்டியது இங்கேயே கிடைத்துவிட்டது. செல்லில் இருக்கும் நைட்ரஜனில் ஏறக்குறைய 85 சதவீதம் இந்தக் குளூட்டமேட் வழியாகத்தான் போய்ச் சேர்கிறது, மிச்சம் 15 குளூட்டமின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தின் அமைடு தொகுதி வழியாக. எந்த அமினோ அமிலத்திலிருந்து வந்த நைட்ரஜனாக இருந்தாலும் இந்த இரண்டு கல்லாவில்தான் விழ வேண்டும்.

அப்புறம் கையில் இருப்பது நைட்ரஜன் போன வெறும் கூடு, ஒரு கீட்டோ அமிலம். இந்தக் கிளைத்த கார்பன் சங்கிலியை உடைத்துத் தன் மைய வளர்சிதை மாற்றத்துக்குள் சேர்க்க சாக்கரோமைசஸிடம் வழி கிடையாது. அதனால் டிகார்பாக்சிலேஸ் என்ற என்சைம் அதிலிருந்து ஒரு கார்பனைக் கார்பன் டை ஆக்சைடாக உதிர்க்கிறது. ஐந்து கார்பன் ஆல்டிஹைடு மிஞ்சுகிறது. ஆல்டிஹைடைச் செல்லுக்குள் வைத்திருப்பது ஆபத்து. ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் அதை ஐசோஅமைல் ஆல்கஹாலாக்கி வெளியே விட்டுவிடுகிறது. காற்றில்லாத பரணியில் இந்தக் கடைசிப் படி, ஹைட்ரஜன் சுமக்கும் துணைப் பொருளான என்ஏடிஎச் ஒன்றைத் திரும்ப என்ஏடி ஆக்கித் தருகிறது. காற்று நிறைய இருந்தால் அதே ஆல்டிஹைடு அமிலமாகவும் போகலாம்.

ஆக, நைட்ரஜனை வைத்துக்கொண்டு கூட்டை வெளியே தள்ளுகிறது. நீங்கள் முகர்ந்தது கூட்டை. ஐசோஅமைல் ஆல்கஹாலோடு ஓர் அசிட்டைல் தொகுதி சேர்ந்தால் ஐசோஅமைல் அசிடேட், அதுதான் வாழைப்பழ மணம். நெயில் பாலிஷ் நெடியில் எத்தில் அசிடேட்டுக்குப் பங்கு உண்டு, அது அமினோ அமிலத்திலிருந்து வருவதில்லை, அதைத் தனியாக வையுங்கள்.

இதே பாதையில் ஃபினைல்அலனின் போனால் ரோஜா மணம் தரும் ஃபினைல்எத்தனால். வேலின் போனால் ஐசோபியூட்டனால். மெத்தியோனின் போனால் மெத்தியோனால், அவித்த உருளைக்கிழங்கு வாடை. எல்லா அமினோ அமிலமும் இப்படிப் போவதில்லை. அலனின், ஆஸ்பார்டேட் போன்றவற்றின் கூடு செல்லுக்கு நேரடியாகவே பயன்படும், அதைத் தள்ள வேண்டிய தேவை இல்லை.

இதற்கு எர்லிக் பாதை என்று பெயர். ஃபெலிக்ஸ் எர்லிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர். ஐசோலியூசினைக் கண்டுபிடித்தவரே அவர்தான். சாராய ஆலைகளில் ஒதுங்கும் ஃபியூசல் எண்ணெயில் இருக்கும் அமைல் ஆல்கஹால்களின் வடிவமும் லியூசின், ஐசோலியூசினின் வடிவமும் அண்ணன் தம்பி மாதிரி இருப்பதைப் பார்த்துத்தான் அவருக்குப் பொறி தட்டியது. நொதிக்கும் சர்க்கரைக் கரைசலில் லியூசின் சேர்த்தார், ஐசோஅமைல் ஆல்கஹால் கூடியது. அம்மோனியம் உப்பு சேர்த்தார், குறைந்தது. 1907-இல் எழுதினார். 1911-இல் நியூபாவரும் ஃப்ரோம்ஹெர்ட்ஸும் நடுவில் கீட்டோ அமிலம் வருகிறது என்று திருத்தினார்கள்.

ஆனால் முதல் படி டிரான்ஸ்அமினேஷன்தான் என்று என்சைம் அளவில் காட்டியவர் யார் தெரியுமா? செந்தேசண்முகநாதன். 1958-இல் எல்ஸ்டன் என்பவருடன் சேர்ந்து, டைரோசினிலிருந்து டைரோசோல் ஈஸ்டில் எப்படி உண்டாகிறது என்று பயோகெமிக்கல் ஜர்னலில் எழுதினார். 1960-இல் அதே இதழில் தனியாக, உயர் ஆல்கஹால்கள் (எத்தனாலைவிடப் பெரியவை, ஃபியூசல் என்பதும் இவைதான்) மொத்தத்துக்கும். கழற்று, கார்பனை உதிர், ஆல்கஹாலாக்கு என்று இன்று பாடப்புத்தகத்தில் வரும் வரிசை அவர் நிறுவியது. ஒவ்வொரு வருடமும் வகுப்பில் இந்தப் பெயரைத் தமிழில் பலகையில் எழுதிவிட்டுத்தான் பாடத்தை ஆரம்பிப்பேன். பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இரண்டாமாண்டு எழுதியது:

சார், அருமை. எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். ஒரு விஷயம் எனக்கு இடிக்கிறது.

பீர் வோர்ட்டில், அதாவது பீருக்காக மால்ட்டிலிருந்து எடுக்கும் இனிப்புச் சாற்றில், ஈஸ்ட் அமினோ அமிலங்களை எந்த வரிசையில் எடுக்கிறது என்று ஜோன்ஸ், பியர்ஸ் இருவரும் 1964-இல் நான்கு வகையாகப் பிரித்தார்கள். முதல் வகையிலேயே, அதாவது சீக்கிரமாக உள்ளே போகிறவற்றிலேயே, லைசின் இருக்கிறது. ஆனால் எங்கள் ஆய்வகத்தில் லைசினை மட்டுமே நைட்ரஜனாக வைத்துத் தட்டு ஊற்றி சாக்கரோமைசஸைத் தீற்றினோம். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் தீற்றின கோடு மட்டும் மங்கலாகத் தெரிகிறது, ஒரு காலனிகூட எழும்பவில்லை. பக்கத்துத் தட்டில் கேண்டிடா என்ற வேறொரு ஈஸ்ட் கொழுகொழுவென்று வளர்ந்திருக்கிறது. அவ்வளவு வேகமாக எடுப்பதை வைத்து ஏன் வளர முடியவில்லை?

வோர்ட்வாசம் எழுதியது:

தம்பி, அந்தத் தட்டுதான் எங்கள் பிழைப்பு. லைசின் அகாரில் எங்கள் பீர் ஈஸ்ட் வளராது, வெளியிலிருந்து நுழைந்த வேற்று ஈஸ்டுகளில் பல வளரும். தொட்டியிலிருந்து எடுத்த மாதிரியை நன்றாகக் கழுவிவிட்டு லைசின் தட்டில் போடுவோம். கழுவாமல் போட்டால் வோர்ட்டில் மிஞ்சின நைட்ரஜனை வைத்துக்கொண்டு பீர் ஈஸ்டே கொஞ்சம் தலைகாட்டி ஆளை ஏமாற்றும்.

இங்கே வந்த புதிதில் ஒருமுறை தட்டில் ஏழு காலனி வந்தது. கழுவுகிறபோது விட்டுவிட்டேன் போல என்று நினைத்து மேலே சொல்லவில்லை. பத்து நாளில் அந்தத் தொட்டி முழுக்கக் கிராம்பு வாடை அடித்தது. மொத்தமாகக் கொட்டினோம். அதிலிருந்து ஒரு காலனி வந்தாலும் இரண்டாம் தட்டு போடாமல் விடுவதில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். உள்ளே எடுப்பது வேறு, உடைப்பது வேறு. லைசினை சாக்கரோமைசஸ் அப்படியே புரதத்தில் கோத்துக்கொள்ளும். அதன் நைட்ரஜனைக் கழற்றிக் குளூட்டமேட் ஆக்கும் வழிதான் அதனிடம் இல்லை. மற்ற அமினோ அமிலங்களும் கூட இருக்கும்போது லைசின் கிடைத்தால் லாபம், சொந்தமாகச் செய்ய வேண்டியதில்லை. அது மட்டுமே இருந்தால் பட்டினி. ஹிஸ்டிடினும் சிஸ்டீனும் இப்படித்தான்.

கரும்பலகை எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள். பரீட்சையில் "எல்லா அமினோ அமிலமும் நைட்ரஜன் மூலம்" என்று எழுதுகிறவர்களுக்கு இந்தத் தட்டைத்தான் காட்ட வேண்டும்.

இன்னொன்றையும் சேர்க்கிறேன். ஈஸ்ட் கண்டதையும் ஒரே நேரத்தில் தின்னாது. குளூட்டமின், அம்மோனியா மாதிரி நல்ல நைட்ரஜன் இருக்கும்வரை மட்டமானதற்கான ஏற்பாட்டையே மூடி வைத்திருக்கும். யூரே2 என்ற புரதம் ஜிஎல்என்3 என்ற இன்னொரு புரதத்தை உட்கருவுக்குள் போகவிடாமல் வெளியே பிடித்து வைத்துக்கொள்கிறது. நல்ல நைட்ரஜன் தீர்ந்ததும் பிடி தளரும், ஜிஎல்என்3 உள்ளே போய் மற்ற அமினோ அமிலங்களை இழுத்துவரும், உடைக்கும் மரபணுக்களை எழுப்பும். செல்லின் மேல்தோலில் ஜிஏபி1 என்று ஒரு பொதுக் கதவு உண்டு, ஏறக்குறைய எல்லா அமினோ அமிலமும் அதில் நுழையலாம். பஞ்ச காலத்தில் அதைத் திறந்து வைக்கும். அம்மோனியா கிடைத்துவிட்டால் அந்தக் கதவையே பெயர்த்து, செல்லின் குப்பைக்கிடங்கு மாதிரியான வாக்குவோலுக்குள் போட்டு அரைத்துவிடும். ஒரு செல் உயிரிக்கு இவ்வளவு கணக்கு. எத்தனை முறை நடத்தினாலும் இந்த இடம் வரும்போது எனக்கு வியப்பு தீரவில்லை.

நிறைமானி எழுதியது:

கரும்பலகை ஐயா சொன்ன பாதையில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் படிக்கிறவர்கள் ஒரு தப்பான முடிவுக்குப் போய்விடுவார்களோ என்று பயம். ஒயினில் இருக்கும் ஐசோஅமைல் ஆல்கஹால் முழுக்கத் திராட்சையின் லியூசினிலிருந்து வந்தது என்று நினைக்கக் கூடாது.

கனமான கார்பன் ஐசோடோப் வைத்த அமினோ அமிலத்தைக் கொடுத்து, அந்தக் கார்பன் எங்கே போய்ச் சேர்கிறது என்று நிறைமானியில் (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) பின்தொடர்ந்திருக்கிறார்கள். உயர் ஆல்கஹால்களின் கார்பனில் பெரும்பகுதி சர்க்கரையிலிருந்து வருகிறது. காரணம் எளிது. லியூசினை உடைக்கும்போது வரும் அதே கீட்டோ அமிலம், லியூசினைச் சர்க்கரையிலிருந்து புதிதாகச் செய்யும்போதும் கடைசிப் படிக்கு முன்னால் வருகிறது. அது நிற்கும் முச்சந்தி ஒன்றுதான். சாற்றில் கிடைக்கும் லியூசின் செல்லின் புரதத் தேவைக்கே போதாது, ஆகவே ஈஸ்ட் செய்துகொண்டும் இருக்கும், உடைத்துக்கொண்டும் இருக்கும்.

இதனால்தான் பார்க்க முரண்பாடாகத் தெரியும் ஒன்று நடக்கிறது. நைட்ரஜன் ரொம்பக் குறைந்தாலும் ஃபியூசல் கூடும், ஏனென்றால் கீட்டோ அமிலம் தயாராகி நிற்கிறது, அதன் தலையில் மாட்ட அமினோ தொகுதி இல்லை. லியூசின் மாதிரி அமினோ அமிலத்தை அள்ளிப் போட்டாலும் கூடும், அது எர்லிக் பார்த்த வழி. நடுவில் அளவாக அம்மோனியம் இருந்தால் குறையும். கம்பத்துத்திராட்சையின் இரண்டாவது பரணியில் வந்த வாழைப்பழத்துக்குக் கோதுமைதான் காரணம் என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

கம்பத்துத்திராட்சை எழுதியது:

அப்படியானால் கோதுமை சும்மாவா? மாமியாரிடம் என்ன சொல்வது? மூன்று தலைமுறையாகப் போடுகிறார்கள்.

வோர்ட்வாசம் எழுதியது:

சும்மா இல்லை அக்கா. ஆனால் முழுப் புரதமும் ஈஸ்டுக்குக் கிடைக்காது. சாக்கரோமைசஸ் புரதத்தை வெட்டும் என்சைமை வெளியே விடுவது மிகக் குறைவு. தனி அமினோ அமிலமாகவோ ரொம்பச் சின்னத் துண்டாகவோ வந்தால்தான் உள்ளே இழுக்கும். கோதுமையில் ஏற்கெனவே தனியாக இருக்கும் கொஞ்சம் அமினோ அமிலம், வைட்டமின், தாது உப்புகள் கரைந்து வரும். முளைகட்டின கோதுமையாக இருந்தால் இன்னும் நிறைய வரும், ஏனென்றால் முளைக்கும்போது தானியமே தன் புரதத்தை வெட்ட ஆரம்பித்துவிடும். பார்லியை முளைகட்டி மால்ட் ஆக்குவதில் எங்களுக்குக் கிடைக்கும் பெரிய லாபங்களில் அதுவும் ஒன்று.

வரப்போரம் எழுதியது:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், நான் விவசாயி. நைட்ரஜன்தான் குறை என்றால் நாங்கள் உளுந்துக்குத் தெளிக்கிற டிஏபி கரைசல் ஒரு ஸ்பூன் ஊற்றினால் என்ன? இல்லையென்றால் ஒரு சிட்டிகை யூரியா? ஒயின் தொழிற்சாலைகளிலும் டிஏபி போடுவதாகப் படித்திருக்கிறேன்.

நிறைமானி எழுதியது:

தயவுசெய்து வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். ஒயினில் போடுவது டைஅம்மோனியம் பாஸ்பேட்தான், பெயர் ஒன்றேதான், ஆனால் அது உணவுத் தரத்துக்குச் சுத்தம் செய்தது. உரக்கடை டிஏபியில் பாறையிலிருந்து வரும் காட்மியம் போன்ற கன உலோகங்கள் இருக்கலாம். மண்ணுக்குப் போடுவதைக் குடிக்கிற பொருளில் போடக் கூடாது.

யூரியா வேறு ஒரு காரணத்துக்காக ஆபத்து. யூரியாவும் ஆல்கஹாலும் சேர்ந்து மெல்ல மெல்ல எத்தில் கார்பமேட் ஆகும். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் 2ஏ பிரிவில் வைத்தது. கனடா 1985-லேயே ஒயினில் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தது.

யூரியாவை வெளியிலிருந்து போடாவிட்டாலும் ஈஸ்டே கொஞ்சம் செய்யும். திராட்சைச் சாற்றில் நிறைய இருக்கும் அமினோ அமிலங்களில் ஆர்ஜினின் ஒன்று, அதில் நான்கு நைட்ரஜன். ஆர்ஜினேஸ் அதை ஆர்னிதினாகவும் யூரியாவாகவும் வெட்டும். யூரியாவைப் பயோட்டின் என்ற வைட்டமின் தேவைப்படும் ஒரு என்சைம், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செலவழித்து, இரண்டு அம்மோனியாவாக உடைக்கும். ஆர்னிதினிலிருந்து மூன்றாவது நைட்ரஜன் கிடைக்கும். நான்காவது புரோலினாகப் போய் நின்றுவிடும். புரோலினை உடைக்கும் முதல் படி மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கிறது, அதற்கு ஆக்சிஜன் வேண்டும். மூடின பரணியில் ஆக்சிஜன் ஏது? அதனால்தான் சாற்றில் புரோலின் எவ்வளவு இருந்தாலும் நைட்ரஜன் கணக்கில் அதைச் சேர்ப்பதில்லை, நொதித்து முடிந்த ஒயினிலும் அது அப்படியே கிடக்கும்.

வரப்போரம் எழுதியது:

நல்லவேளை கேட்டேன். வீட்டில் ஒரு மூட்டை யூரியா பிரித்து வைத்திருக்கிறது, பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் கேட்டிருந்தான். கொடுக்க மாட்டேன்.

இரண்டாமாண்டு எழுதியது:

புரோலின் விஷயம் இப்போதுதான் புரிகிறது. ஜோன்ஸ், பியர்ஸ் பட்டியலில் நான்காம் வகையில் புரோலின் மட்டும் தனியாக ஏன் உட்கார்ந்திருக்கிறது என்று மனப்பாடம் செய்தேனே தவிர யோசிக்கவில்லை.

சார், ஃபியூசல் ஆல்கஹால் கெட்டதுதானே, அப்புறம் ஏன் மணம் என்கிறோம்?

கரும்பலகை எழுதியது:

அளவுதான் தம்பி. ஃபியூசல் என்பதே மட்டமான சாராயத்துக்கு ஜெர்மன்காரர்கள் வைத்த பெயர். ஆனால் ஒயினில் மொத்த உயர் ஆல்கஹால் லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் மணத்துக்கு ஓர் அடர்த்தி கொடுக்கும் என்றும், 400-ஐத் தாண்டினால் மூக்கைக் குத்தும் என்றும் சொல்வார்கள். சூடு கூடினாலும் ஃபியூசல் கூடும். பரணியை அடுப்படியில் வைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது அது.

கம்பத்துத்திராட்சை எழுதியது:

பதினைந்து நாள் கழித்து வருகிறேன். நீங்கள் சொன்னதை வைத்து மூன்றாவது பரணி போட்டேன். திராட்சை மூன்று கிலோ, தண்ணீர் அரை லிட்டர், சர்க்கரை 300 கிராம். கோதுமையை இரண்டு நாள் முளைகட்டி, நிழலில் உலர்த்தி, ஒன்றிரண்டாக இடித்து ஒரு கைப்பிடி. பரணியை அடுப்படியிலிருந்து எடுத்து மாடிப்படிக்குக் கீழே தரையில் வைத்தேன். முதல் இரண்டு நாள் மரக்கரண்டியால் காலையும் மாலையும் நன்றாகக் கிளறினேன்.

நாலாம் நாள் துணியை அவிழ்க்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவிழ்த்தேன். முட்டை வாடை துளிகூட இல்லை. மாமியாரைக் கூப்பிட்டு முகரச் சொன்னேன். "பன்னீர் வாசம் வருதுடி" என்றார். பன்னீர் திராட்சைக்கே அந்த வாசம் உண்டு, ஃபினைல்அலனினுக்கும் பங்கு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அவரிடம் கோதுமை வேண்டும்தான், ஆனால் முளைகட்டி என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த வருடம் ஒரு வாரம் முன்னாலேயே நினைவுபடுத்தச் சொன்னார்.